சீவிய உருத்து

எழுபத்திரண்டு வயதில் ஒருவர் தன் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் வந்து சேர்ந்தால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லது" என்று சொல்லி ஊர் அந்தக் கதையை முடித்துவிடும். விற்ற காசு எங்கே போனது, வந்தவருக்கு அந்தக் கூரையின் கீழ் என்ன உரிமை என்று யாரும் கேட்பதில்லை. என் உம்மும்மா கேட்டார். 2023ஆம் ஆண்டு முழுக்க எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்விதான் ஓடியது.

உம்மும்மா சிலாவத்துறைப் பக்கத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது மூன்று பிள்ளைகளோடு புத்தளத்துக்குப் போனார். முதலில் ஓலைக் கொட்டில். பிறகு வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்தும் சீட்டுப் பிடித்தும் பத்துப் பேர்ச் காணி வாங்கி, கல் வீடு கட்டினார்கள். அதன் உறுதியை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குவார்.

ஊரில் அவருக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி ஒன்றும் இருந்தது. 2012இல் உம்மாவும் வாப்பாவும் திரும்பி வந்தபோது அது பற்றைக் காடு. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. வீடு வர வேண்டுமானால் காணி உம்மாவின் பெயரில் இருக்க வேண்டும். அப்பா நோயாளியாகப் புத்தளத்தில் கிடந்ததால் உம்மும்மா அங்கேயே தங்க வேண்டியிருந்தது. எனவே பிரதேச செயலகத்துக்கு வந்து காணியை விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுத்தார். "பஸ்ஸுக்குப் பிந்திடும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்ததாக உம்மா சொல்வார்.

அப்பா 2021இல் மவுத்தானார். பெரிய மாமா கட்டாரில், சின்ன மாமா கொழும்பில். வில்பத்து வழியாக எங்களுக்கு பஸ் இல்லை. அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று சுற்றித்தான் வர வேண்டும். சீனி வருத்தமும் முழங்கால் வலியும் உள்ளவர் அந்தப் பயணத்தை வருடத்துக்கு எத்தனை தடவை செய்வார்? உம்மா "வாங்க" என்றார். உம்மும்மாவும் சரி என்றார். அதன் பிறகுதான் காசுப் பேச்சு வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். இன்னோர் அறையும், மலசலகூடமும், சிறிய விறாந்தையும் கட்டப் பத்து இலட்சம் வரும் என்று மேசன் சொன்னார். 2021இல் ஆயிரம் ரூபாவைச் சுற்றி இருந்த சீமெந்து மூட்டை மறுவருடம் மூவாயிரத்தைத் தொட்டு, பிறகு சற்று இறங்கியிருந்த காலம் அது. வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை என்பது வீட்டு வழக்கம். எடுக்க நினைத்தாலும் பெர்மிட் காணியை எந்த வங்கி ஈடாக ஏற்கும்? ஆகவே புத்தளத்து வீட்டை விற்று, அந்தக் காசில் அறை கட்டுவது. உம்மாவுக்கு இது நேரான கணக்கு.

உம்மும்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. அதற்குக் காரணம் வங்காலை.

சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ் அரிப்பு, வங்காலை வழியாகப் போகும். காலம் சரியாக இருந்தால் தள்ளாடிப் பக்கத்து நீரில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அது. வங்காலை புனித ஆனாள் கோவிலைச் சுற்றி வாழும் கத்தோலிக்க மீனவர் ஊர். அங்கே உம்மும்மாவுக்கு ஒரு சிநேகிதி. 1990க்கு முன் மன்னார்ச் சந்தையில் அவர் கருவாடும் உம்மும்மா பாயும் பக்கத்துப் பக்கத்தில் விற்றவர்கள். யுத்தத்தில் அவர் மண்டபம் முகாமுக்குப் போனார், இவர் புத்தளத்துக்குப் போனார். இருபது வருடங்கள் ஒருவர் உயிரோடு இருப்பது மற்றவருக்குத் தெரியாது. நாங்கள் அவரை வங்காலையம்மா என்போம்.

வங்காலையம்மா தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதியபோது நொத்தாரிசு இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னாராம்: சீவிய உருத்து. காணி மகளுக்குத்தான், ஆனால் தாய் உயிரோடிருக்கும்வரை அங்கே வாழும் உரிமை தாய்க்கு. மகள் வெளிநாடு போய், சில வருடங்களில் வீட்டை விற்க ஆள் பிடித்தார். வாங்க வந்தவரின் சட்டத்தரணி உறுதியை வாசித்தார். அந்தச் சொற்களில் வந்து நின்றுவிட்டார். அம்மா கையொப்பம் வைக்காமல் நடக்காது என்றார். அம்மா வைக்கவில்லை.

"மகளில கோவமில்ல ராத்தா. ஆனா நான் எங்க போறது?" என்று எங்கள் முற்றத்தில் இருந்து சொன்னார். அன்றிரவு உம்மும்மா டின்னைத் திறந்து உறுதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம் உம்மும்மாவும் நானும் மன்னாருக்குப் போய் ஒரு நொத்தாரிசைக் கண்டோம். புதிதாகக் கட்டும் அறைக்குச் சீவிய உருத்து எழுத முடியுமா என்று உம்மும்மா கேட்டார். அவர் பெர்மிட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உறுதிக் காணி என்றால் ஒரு மணித்தியால வேலை. இது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அரச காணி. விற்க, ஈடு வைக்க, நன்கொடை எழுத நமக்கு நினைத்தபடி அதிகாரம் இல்லை. அதாவது, தான் விட்டுக்கொடுத்த தன் சொந்த வளவிலேயே தன் காசில் கட்டும் அறைக்கு உம்மும்மாவிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

உயர்தரத்தில் வணிகக் கல்வி படிக்கிறேன். சொத்து, பொறுப்பு, மூலதனம் எல்லாம் மனப்பாடம். இப்படியொரு கணக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

வழி சொன்னவர் எங்கள் பள்ளிவாசல் மௌலவி. அறைக்குப் போகும் பத்து இலட்சத்தை மகளுக்குக் கொடுத்த கடனாக எழுதுங்கள் என்றார். அல்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தான, அல்பகறாவின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதையும் நினைவூட்டினார். உம்மும்மா வேறிடம் போக விரும்பினால் உம்மா மாதம் 20,000 ரூபா வீதம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மவுத்தானால் அந்தக் கடன் வாரிசுகளுக்கு உரியது. இரண்டு ஆண் மக்கள், ஒரு மகள், ஐந்து பங்கு. உம்மாவின் பங்கு இரண்டு இலட்சம் கழிய, மாமாமாருக்கு எட்டு இலட்சம் கொடுக்க வேண்டும்.

உம்மா அழுதுவிட்டார். "பெத்த உம்மாக்கும் மகளுக்கும் இடையில கடதாசியா?"

"எனக்கும் உனக்கும் இடையில இல்ல மகள். நான் மவுத்தானதுக்குப் பிறகு நானாக்கும் தம்பிக்கும் உனக்கும் இடையில நிக்கிறதுக்கு. அதுவரைக்கும் நான் உன்ட வீட்டுல விருந்தாளியா இருக்க மாட்டன்."

வாப்பா எட்டு இலட்சத்துக்கு எங்கே போவது என்று முணுமுணுத்தார். பெரிய மாமா தன் பங்கைப் பிறகு விட்டுத் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார். சின்ன மாமா ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. கையெழுத்து அழகு என்று கடதாசியை என்னைத்தான் எழுத வைத்தார்கள். இரண்டு சாட்சிகள்.

புத்தளத்து வீடு முப்பத்தொரு இலட்சத்துக்குப் போனது. அறைக்கும் லொறிக்கும் போக மிச்சத்தை உம்மும்மா வட்டியில்லா வங்கியொன்றில் முழாரபா வைப்பாகத் தன் பெயரில் மட்டும் போட்டார். அதன் இலாபத்தில் மாத்திரைச் செலவும் கரண்ட் பில்லில் தன் பங்கும். உம்மா வேண்டாம் என்று தள்ளினாலும் காசு சீனிப் போத்தலுக்கு அடியில் வந்துவிடும். முதியோர் கொடுப்பனவை மாற்றக் கிராம சேவகரிடம் அலைந்ததும் கிளினிக் கொப்பியை மாற்றியதும் தனிக் கதை.

அறையைக் கட்டும்போது உம்மும்மா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். வீதிப் பக்கம் தனக்குத் தனிக் கதவு வேண்டும். அதற்குப் பதினெட்டாயிரம் கூடுதலாகப் போனது.

2024 பெப்ரவரியில் வங்காலையம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு பை பாரைக் கருவாடு. முற்றத்தில் நின்று இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ராத்தா, இதில எது உங்கட?"

உம்மும்மா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார்.