வெள்ளைத் துப்பட்டி

என் மகளுக்கு நிஃபாஸ் நாள்கள் முடிந்து, அவள் குளித்துத் தொழத் தொடங்கிய வாரத்தில்தான் அதனைக் கவனித்தேன். அஸ்ருடைய நேரம் முடியும் தறுவாயிலும் அவள் முஸல்லாவின் பக்கம் வரவில்லை. கேட்டதற்கு, "உம்மா, பிள்ளை எந்நேரமும் என் மடியிலேயே கிடக்கிறாள். உடுப்பில் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தெரியவில்லை. இரவில் குளித்துவிட்டுச் சேர்த்துத் தொழுதுகொள்கிறேன்" என்றாள்.

பதினெட்டு ஆண்டுகளாக மத்ரஸாவில் பெண் பிள்ளைகளுக்குத் தஹாரத் பாடம் நடத்தி வருகிறேன். அந்தப் பெருமையில் அன்று நான் பேசியது முறையன்று. "தொழுகையைத் தள்ளுவதற்குப் பிள்ளையைக் காரணம் காட்டாதே" என்று கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி சொல்லாமல் பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினாள். கடை டயப்பர் இறுக்கிய இடமெல்லாம் சிவந்து, தொடையிடுக்கில் தோல் உரிந்திருந்தது. இரண்டு நாள்களாக அதனை விட்டுவிட்டு வெறும் துணியைச் சுற்றியிருக்கிறாள். பிள்ளை நனைத்தால் தாயின் மடியும் நனைகிறது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை.

நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். இரண்டு வயது நிறையாத, பாலன்றி வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தாலே போதும். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் கைக்குழந்தை நபி (ஸல்) அவர்களுடைய ஆடையை நனைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பெண் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை, கழுவத்தான் வேண்டும். வீட்டில் பிறந்திருப்பதோ பேத்தி.

அன்றிரவு மௌத்தாகிவிட்ட என் உம்மாவின் பெட்டியைத் திறந்தேன். அவர்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டிகள் மூன்று அதில் இருந்தன. பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்துப் பூப்போல மென்மையான பருத்தி. புதுத் துணி நாலைந்து முறை அலசிய பிறகுதான் நீரை நன்றாக உறிஞ்சும். பழந்துணிக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். இருந்தாலும் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பயன்படுத்தாத டயப்பர் ஒன்றைச் செய்தித்தாளின்மீது விரித்து, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வரைந்தேன். உடுக்கை வடிவம் கிடைத்தது. வெளியே கனமான பருத்தி, மேனியில் படும் பக்கம் துப்பட்டி. நடுவில் வைப்பதற்கு டர்க்கித் துண்டை நான்காக மடித்துத் தனித் திண்டாகத் தைத்தேன். திண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் ஐப்பசி மழையில் இரண்டு நாளானாலும் காயாது. முதலில் தைத்தது வீணாயிற்று. எலாஸ்டிக்கை மிகையாக இழுத்துத் தைத்துவிட்டதால் பிள்ளையின் தொடையில் வரி விழுந்தது. பிரித்து, இரு விரல் நுழையும்படி மறுபடி தைத்தேன். பிள்ளை வளர வளரத் தளர்த்திக்கொள்ள டிச் பட்டன்களை இரண்டு வரிசையாக வைத்தேன். நீர் புகாத பிளாஸ்டிக் உறை சேர்க்கவில்லை. அது வெப்பத்தை உள்ளே அடைத்து மறுபடியும் புண்ணாக்கும் என்று அஞ்சினேன். அதனால் நனைந்தவுடன் மாற்றியே ஆக வேண்டும். எட்டு உருப்படிகள் தைத்தும் போதாமல் மேலும் நான்கு தைத்தேன்.

துவைப்பதிலும் ஒரு முறை உண்டு. அழுக்குத் துணியை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கினால் அந்தக் குறைந்த தண்ணீர் முழுவதும் நஜீஸாகிவிடும். முதலில் கழிவை அகற்றிப் பிழிந்துவிட்டு, நிறமும் வாடையும் போகும்வரை குழாய் நீரைத் துணியின்மீது ஓடவிட வேண்டும். சோப்பும் வாளியும் அதன் பிறகே. இதைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். கிணற்றடியில் மகளோடு குந்தியிருந்து செய்து காட்டியது அதுதான் முதல் தடவை.

தொழுகைக்கென ஓர் உடுப்பையும் மக்கனாவையும் தனியே மாட்டிவைத்தோம். பட்டது உறுதியாகத் தெரிந்தால் கழுவு, வெறும் ஐயத்துக்காகத் தொழுகையைத் தள்ளாதே என்று சொன்னேன். இம்முறை குரலை உயர்த்தாமல். "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழலாமா உம்மா?" என்று கேட்டாள். நபியவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்து தொழுததையும், ஸுஜூதின்போது இறக்கிவைத்ததையும் சொன்னேன். துணி நனையாமல் சுத்தமாக இருந்தால் தூக்கலாம். நஜீஸோடு தூக்கினால் நம் மத்ஹபில் தொழுகை கூடாது. அவள் உடனே எழுந்து பிள்ளையைக் கழுவித் துணியை மாற்றினாள். அன்று அஸ்ரை அதன் நேரத்திலேயே தொழுதாள், அல்ஹம்துலில்லாஹ்.

பத்து நாள்களில் புண் ஆறியது. இரவில் மட்டும் தளர்வான கடை டயப்பரே கட்டுகிறாள். தூக்கமில்லாத தாயிடம் அதுபற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

மூன்றாவது துப்பட்டி இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதையும் வெட்ட எடுத்தபோது, "இது இருக்கட்டும் உம்மா" என்று மகள் வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.