கையொப்பத்திற்கு முன்னே

நூலாசிரியரின் கையொப்பத்தை நூலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நம்மிடையே அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. ஏட்டுச் சுவடிக் காலத்தில் நூலை யாத்தவர் ஒருவர், அதை ஓலையில் எழுதியவர் மற்றொருவர். ஓலை பழுதுபட்டபோதெல்லாம் அதைப் பார்த்துப் புதிதாகப் படியெடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆசிரியர் பெயரை உலகுக்குச் சொல்லும் பொறுப்பைச் சிறப்புப் பாயிரம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பாயிரத்தையும் நூலாசிரியர் தாமே பாடிக்கொள்ளலாகாது. அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, தகுதி வாய்ந்த உரைகாரரோ பாட வேண்டும் என்று நன்னூலார் வரையறுத்தார்.

பெயரே தெரியாமற்போன புலவர்களும் உண்டு. குறுந்தொகையைப் புரட்டினால் செம்புலப் பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயர்களைக் காண்கிறோம். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. பாடலில் நெஞ்சைத் தொட்ட தொடரையே எடுத்து, பெயர் இழந்த புலவருக்குப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். சூட்டியவர்கள் அப்பாடல்களைப் படித்துச் சுவைத்தவர்கள். எழுதியவர் இட மறந்த கையொப்பத்தை வாசகர் இட்டார் என்று சொன்னாலும் தவறில்லை.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஆயிரக்கணக்கான படிகள் ஒரே முகத்தோடு வெளிவருகின்றன. என் கையில் இருப்பதும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருப்பதும் ஒன்றே. எழுதியவரின் கை எதிலும் படுவதில்லை. ஆகவேதான் அந்தக் கை ஒருமுறையேனும் என் படியில் பட வேண்டும், அதில் என் பெயரையும் எழுத வேண்டும் என்னும் ஆசை வாசகனுக்குப் பிறக்கிறது என்று எண்ணுகிறேன். இந்த ஆசையின் அளவை நான் கண்டுகொண்டது தமிழ்நாட்டில் அல்ல, இமயத்தின் அடிவாரத்தில்.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம். தில்லியின் வெயிலுக்கு அஞ்சி, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மசூரிக்குச் சென்றிருந்தோம். இடத்தைத் தேர்ந்தவள் என் மகள் கயல்விழி. அவளுக்கு அப்போது பத்து வயது. மசூரியை அடுத்த லண்டூரில் ரஸ்கின் பாண்ட் வாழ்கிறார் என்பதும், சனிக்கிழமைப் பிற்பகல்களில் மால் சாலையில் உள்ள கேம்பிரிட்ஜ் புத்தகக் கடைக்கு வந்து வாசகர்களுக்குக் கையொப்பமிடுவார் என்பதும் அவளுக்கு மனப்பாடம். பயணத் திட்டமே ஒரு சனிக்கிழமையைச் சுற்றி அமைந்தது.

1934-இல் கசௌலியில் பிறந்த இந்த ஆங்கில எழுத்தாளர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை டேராடூனிலும் மசூரி மலையிலும் கழித்தவர். பதினேழு வயதில் அவர் எழுதத் தொடங்கிய முதல் நாவல் 1957-இல் ஜான் லூயெல்லின் ரைஸ் பரிசைப் பெற்றது. 1992-இல் சாகித்திய அக்காதெமி விருதும் கிடைத்தது. என் மகளுக்கு இவையெல்லாம் பொருட்டே அல்ல. கார்வால் மலைக் கிராமத்துச் சிறுமி பின்யா, தன் கழுத்தில் கிடந்த சிறுத்தை நகப் பதக்கத்தைக் கொடுத்து ஒரு நீலக் குடையை வாங்குகிறாளே, அந்தக் கதையை எழுதியவர் என்பது ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்நூலை அவள் எத்தனை முறை படித்தாளோ, அட்டையின் மூலைகள் மழுங்கிப் போயிருந்தன.

இரண்டு மணிக்கே போய்விட்டோம். அதற்குள் எங்களுக்கு முன்னால் எழுபது எண்பது பேர் நின்றார்கள். நேரம் ஆக ஆக, வரிசை பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. பஞ்சாபிக் குடும்பங்கள், வங்காளிகள், மராத்தியர், குஜராத்தியர் என நாட்டின் பல பகுதியினரும் அந்தக் குறுகிய நடைபாதையில் தோளோடு தோள் உரசி நின்றனர். கூட்டத்தைக் கண்டு, யார் வருகிறார் என்று விசாரித்து, அந்த நிமிடமே ஒரு நூலை வாங்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மகள் என் காதில் சொன்னாள்: "அப்பா, அவங்க புத்தகமெல்லாம் ரொம்பப் புதுசா இருக்கு."

சொல்லப்போனால் அந்த வரிசையில் இரண்டு வரிசைகள் கலந்து நின்றன. புதிய புத்தகம் ஏந்தியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். படம் எடுக்கக் கைப்பேசியைச் சரிபார்த்தார்கள். பழைய புத்தகம் ஏந்தியவர்களோ அதைத் திறந்து, நின்ற நிலையிலேயே மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் படிப்பில் ஆழ்ந்து, வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் நின்றான். பின்னால் இருந்த மூதாட்டி அவனை மெல்லத் தள்ளி நகர்த்தினார். அவர் கையில் இருந்த நூலும் தையல் விட்டுப் போயிருந்தது.

கடைச் சிப்பந்தி ஒருவர் துண்டுத் தாள் கொடுத்து, பெயரைத் தெளிவாக எழுதி நூலில் செருகி வைக்கச் சொன்னார். என் மகளுக்கு அங்கேதான் கவலை பிடித்தது. தில்லியில் அவள் பெயரை முழுமையாகச் சொன்னவர்கள் குறைவு. பள்ளியில் அவள் கயல்விஜி. அடுத்த வீட்டில் வெறும் விஜி. நம் ழகரத்திற்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளை இணைத்தாக வேண்டும். ஓர் எழுத்தும் விடுபடாதபடி, பள்ளித் தேர்வில்கூட எழுதாத அழகோடு அவள் அந்தத் தாளில் எழுதினாள்.

எங்கள் முறை வந்தது. பருத்த உடலும் சிவந்த முகமுமாக மேசைக்குப் பின்னே அமர்ந்திருந்த அந்தப் பெரியவர், தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து முழுப் பெயரையும் எழுதி, கீழே கையொப்பமிட்டார். அரை நிமிடத்தில் முடிந்துபோயிற்று. அவள் பேசுவதற்கென்று பயின்று வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும், "என் பேரை யாரும் குறைக்காம எழுதிட்டாரு அப்பா" என்றாள்.

அன்றிரவு விடுதியில் அவள் கேட்டாள்: "உங்களுக்கு யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்களா அப்பா? தாத்தாவுக்கு?"

என் தந்தையார் 1962-இல் மத்திய அரசுப் பணிக்காகக் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். அவர் காலத்துத் தில்லியில் தமிழ் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். க. நா. சு. இங்கே வாழ்ந்தார். ஆதவனின் கதைகளில் இந்நகரத்துத் தெருக்களே நடமாடின. எழுத்தாளர் பேசும் கூட்டங்களுக்கு என் தந்தையார் தவறாமல் போவார். முன்வரிசையில் அமர்ந்து கேட்பார். முடிந்ததும் தூரத்தில் நின்று கைகூப்பிவிட்டு வந்துவிடுவார். அருகில் போய் நூலை நீட்டுவது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது. ஆகவே எங்கள் வீட்டில் ஆசிரியர் கையொப்பமிட்ட நூல் ஒன்றுகூட இல்லை.

இருந்தவை வேறு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை வாரந்தோறும் தனியே பிரித்தெடுத்து, பைண்டு செய்து வைத்திருந்தார். மணியத்தின் ஓவியங்களோடு ஐந்து கனத்த தொகுதிகள். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டிக்குள் அவை தில்லிக்கு வந்து சேர்ந்தன. தொடர் முடிந்த அந்த 1954-ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே ஆசிரியர் கல்கி மறைந்தார். கையொப்பம் கேட்க நினைத்திருந்தாலும் காலம் இடம் தந்திராது. ஒவ்வொரு தொகுதியின் முதற்பக்கத்திலும் என் தந்தையார் தம் பெயரையும் ஊரையும் தேதியையும் நீல மையில் எழுதியிருந்தார். அவை வாசகன் இட்ட கையொப்பங்கள்.

தில்லி திரும்பியதும் அத்தொகுதிகளை எடுத்துக் கயல்விழியிடம் காட்டினேன். தந்தையார் மறைந்து அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன. படங்களை ஆவலோடு பார்த்தாள். முதற்பக்கத்தில் அவள் விரல் நின்றது. "தாத்தா என்ன எழுதியிருக்காரு?" அவளால் அதைப் படிக்க முடியவில்லை. தில்லியில் தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் ஏழினைத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் அப்போது நடத்திவந்தது. எங்கள் குடியிருப்புக்கு அவற்றில் எதுவும் அருகில் இல்லை. அவளுக்கு வாய்த்த பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் இருந்தன. வீட்டில் பேச்சுக்குத் தமிழ் உண்டு, எழுத்து எட்டவில்லை.

அந்த வாரமே நான் படிக்கத் தொடங்கினேன். இரவு உணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்த அன்று அவள் பாதியில் தூங்கிப்போனாள். ஆழ்வார்க்கடியான் தோன்றியதும் விழித்துக்கொண்டாள். சில வாரங்களுக்குப் பின், நான் படிக்கும் வரிகளின் கீழ் விரலை ஓட்டி வந்தாள். மாதங்கள் சென்றபின் சில சொற்களை எனக்கு முன்பே சொன்னாள். எழுத்துகளை அவள் அம்மா ஒரு பழைய நோட்டில் எழுதிக் காட்டினாள். கதையின் அவசரம் மற்றதைப் பார்த்துக்கொண்டது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஒருநாள் அவளே முதல் தொகுதியை எடுத்து, எழுத்துக்கூட்டித் தன் தாத்தாவின் பெயரையும், 'கும்பகோணம்' என்பதையும், தேதியையும் உரக்கப் படித்தாள். யாருடைய துணையும் இல்லாமல் அவள் படித்த முதல் தமிழ் வரி அதுவே.

இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள். தமிழை மெதுவாகத்தான் படிக்கிறாள், ஆனால் படிக்கிறாள். மசூரியின் சனிக்கிழமை வழக்கமோ 2020-இல் கொள்ளைநோய் வந்தபோது நின்றுபோனது.

நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தாளருக்காக வெயிலில் நிற்கிறார்களே, தமிழ் எழுத்தாளரை அறியவில்லையே என்று நம்மவர் வருந்துவதைச் சங்கக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அந்த நிற்றலில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒரு கதைக்காக மூன்று மணி நேரம் நிற்கத் தெரிந்த பிள்ளை, எந்த மொழிக் கதைக்காகவும் நிற்கும். ஆனால் கதை முதலில் அதன் காதில் விழ வேண்டும். எழுத்து தெரியும்வரை காத்திருந்தால் கதை வாராது. கதை வந்தால் எழுத்து தானே தேடிக்கொண்டு வருகிறது. என் வீட்டில் நான் கண்டது இதுவே.

நம் சங்கங்களுக்குத் தமிழகத்திலிருந்து எழுத்தாளர்கள் வருகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு தருகிறோம், மேடையில் படம் எடுத்துக்கொள்கிறோம். இவற்றோடு இன்னொன்றும் செய்யலாம். அழைப்பிதழ் வீட்டுக்கு வந்த அன்றே, வரவிருப்பவரின் சிறுகதை ஒன்றைப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். கூட்டம் முடிந்ததும் அந்நூலை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பலாம். பொன்னாடை ஒன்று போதும். மூலை மழுங்கிய புத்தகங்கள் பத்தாவது அந்த எழுத்தாளர் முன் நீளட்டும்.