நடந்து போறவங்களுக்கு என்ன நம்பர்?

மூன்றாமாண்டு, சிவில் பிரிவு



ஒரு காருக்கு 1. மோட்டார் சைக்கிளுக்கு அரை. பஸ், லாரிக்கு 3. தள்ளுவண்டிக்கு 3. குதிரை வண்டிக்கு 4. பெரிய மாட்டு வண்டிக்கு 8!

என்னடா இது, லாட்டரிச் சீட்டுக் கணக்கா என்று மற்ற பிரிவு நண்பர்கள் கேட்பீர்கள். இல்லை. சிவில் மாணவர்களுக்கு நெடுஞ்சாலைப் பாடத்தில் வரும் 'பி.சி.யு.' பட்டியல் இது. ஒரு கார் ரோட்டில் அடைக்கிற இடத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகள் அதைப்போல எத்தனை மடங்கு என்று சொல்கிற கணக்கு. ஊர்ப்புறச் சாலைகளுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்டது. நகரத்துச் சாலைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதிலும் தள்ளுவண்டி வரை இருக்கிறது.

மேலிருந்து கீழே நாலு தடவை படித்துப் பார்த்தேன். நடந்து போகிறவருக்கு மட்டும் நம்பரே இல்லை!

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றி இழுப்பவர். அம்மா பூ வியாபாரம். ஒரு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "அப்போ வண்டியோட போனா நான் மூணு காருக்குச் சமம்னு சொல்லு!" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிய உட்டுட்டு வூட்டுக்கு நடந்து வரேனே, அப்போ எவ்ளோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

"அது வண்டி ஓடுற ரோட்டோட கொள்ளளவுக் கணக்குடா. அதுல ஆள் எப்படி வருவாங்க?" என்று என் பெஞ்ச் நண்பன் வாதாடினான். அவன் சொன்னது சரிதான். பட்டியலில் தப்பில்லை. ஆனால் நாம் எதை எண்ணுகிறோமோ அதற்குத்தானே இடம் ஒதுக்குவோம்? போக்குவரத்துக் கணக்கெடுப்புப் பயிற்சிக்கு மெயின் ரோட்டில் எங்களை நிறுத்தினார்கள். கையில் அட்டை, பேப்பர். கார், பஸ், லாரி, ஆட்டோ, டூவீலர், சைக்கிள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காகப் போட வேண்டும். ரோட்டைக் குறுக்கே கடக்கிறவர்களுக்குக் கட்டமே இல்லை. நான் ஓரத்தில் சொந்தமாக ஒரு கட்டம் போட்டு அவர்களையும் எண்ணினேன். என் பேப்பரில் முதலில் நிரம்பிய கட்டம் அதுதான்!

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா விடிவதற்கு முன்பே கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வருவார். சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் முன்பக்கம் பிங்க் கலர் அடித்த பஸ் என்றால் ஏறலாம் என்று தெரியும். மிச்சமாகும் பஸ் காசு எங்களைப் போன்ற வீட்டில் சின்னக் காசு இல்லை. அந்தத் திட்டம் செய்த நன்மையை நான் மறக்க மாட்டேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் பிரயாணம் முடியவில்லை நண்பர்களே! எதிர்ப்பக்கம் இருக்கிற எங்கள் தெருவுக்கு, கூடையோடு பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். பஸ்ஸில் போவது இலவசம். பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வருவதற்குத்தான் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, ரோட்டின் கடைசி ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அம்மாவை இடித்துவிட்டுப் போய்விட்டது. ஓட்டியவர் நிற்கவில்லை. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. பூக் கட்டிப் பிழைக்கிறவருக்கு மணிக்கட்டு உடைந்தால் என்ன ஆகும்? இரண்டு மாதம் வியாபாரம் இல்லை. என் பரீட்சை ஃபீஸுக்கு அப்பா வட்டிக்கு வாங்கினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பாத்து வரக் கூடாதாம்மா?" அவர்கள் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டார்: "பாத்துத்தான்டா வந்தேன். பச்சை லைட்டு எரிஞ்ச பின்னாடிதான் எறங்குனேன். நீ ரோடு போடுற படிப்புத்தானே படிக்கிறே? ஏன்டா இப்படிப் போட்டு வச்சிருக்காங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, டேப்பும் வாட்சும் எடுத்துக்கொண்டு நானே போய் அளந்தேன்.

ரோட்டின் அகலம் 14 மீட்டர். நாலு லேன். சிக்னல் நேரம் கணக்குப் போடும்போது ஒரு ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 14ஐ 1.2ஆல் வகுத்தால் 12 நொடிகூட வராது. அந்த இடத்தில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 15 நொடி எரிகிறது. புத்தகப்படி பார்த்தால் தாராளம்! ஆனால் கை தேறிய பிறகு, கூடையோடு அம்மா கடக்க ஆன நேரம் 18 நொடி. விளக்கு அணையும்போது அம்மாவுக்கு இன்னும் இரண்டு மீட்டருக்கு மேல் பாக்கி. வண்டி இடித்ததும் அந்தக் கடைசி இரண்டு மீட்டரில்தான். பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கிற கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் எங்கம்மா கரை சேரவில்லை.

அடுத்து பிளாட்பாரம். அதன் உயரம் 280 மில்லிமீட்டர். நம் காலேஜ் மாடிப்படி ஒன்றின் உயரம் 150. முட்டி வலியோடு இரண்டு படியை ஒரே எட்டில் யார் ஏறுவார்கள்? ஏறினாலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கடை போர்டு, நாலு பைக். நடக்க மிஞ்சுவது இரண்டடி. அதனால்தான் கிழவர்களும், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்களும் கீழே இறங்கி ரோட்டில் நடக்கிறார்கள். உடனே வண்டிக்காரர் கத்துகிறார், "பிளாட்பாரம் இருக்குல்ல?" என்று.

விதி இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103ஆம் எண் வழிகாட்டி, 2012இல் திருத்தி வெளியிட்டது, நடப்பவர்களுக்காகவே எழுதப்பட்டது. நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நமது சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிற உரிமை என்றே சொல்லிவிட்டது. உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது!

செய்ய முடியாததும் இல்லை. தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகத்தைப் போய்ப் பாருங்கள். வண்டிகளுக்கு இடத்தைக் குறைத்து, மனிதர்களுக்கு அகலமாகக் கொடுத்திருக்கிறார்கள். தாத்தா பாட்டிகள் அங்கே அவசரமில்லாமல் நடக்கிறார்கள். கடைத்தெருவில் முடிந்தது எங்கள் பேட்டையிலும் முடியும்தானே?

இல்லையென்றால் என்ன நடக்கிறது என்பதை மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர்! உயிரோடு நடக்கும்போது எண்ணாதவர்களைச் செத்த பிறகு மட்டும் சரியாக எண்ணுகிறோம்.

பைக் ஓட்டும் நண்பர்களுக்கும் ஒரு கணக்கு. கோபப்படாதீர்கள், இது நாம் படித்த ஃபிசிக்ஸ்தான். உராய்வுக் கெழு 0.7, ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 60இல் வந்தால் 37 மீட்டர் ஆகும். இதுவும் காய்ந்த ரோட்டில்! மழையில் இன்னும் தள்ளிப் போகும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு. இருபது மீட்டருக்கு முன்னால் யாரோ ஒருவருடைய அம்மா கூடையோடு போய்க்கொண்டிருந்தால் 30இல் வருகிறவன் நின்றுவிடுவான். 60இல் வருகிறவன் நிற்க மாட்டான். அவன் நல்லவனா கெட்டவனா என்பது அந்தக் கணக்கில் வராது.

நண்பர்களே, பெரிய பெரிய திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு யாரோ. ஆனால் அந்தத் திட்டம் ரோட்டுக்கு வரும்போது கையில் டேப்போடு நிற்கப் போவது டிப்ளமோக்காரர்களான நாம்தான். இளநிலை வரைதொழில் அலுவலராகவோ, கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகவோ போகப் போகிறோம். கெர்ப் கல்லை 150இல் வைப்பதா, "இருக்கட்டும் விடு" என்று 280இல் விடுவதா என்பது நம் கண் முன்னால்தான் நடக்கும். ஜங்ஷன் பாக்ஸை நடைபாதையின் நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்று கொத்தனார் நம்மைத்தான் கேட்பார். எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, சிக்னலுக்கு நொடி வைக்கிற வேலை உங்களிடம் வரலாம். மெக்கானிக்கல் நண்பர்களே, பஸ்ஸின் படிக்கட்டு உயரம் உங்கள் கையில் வரலாம்.

அப்போது புத்தகத்தில் இருக்கிற சராசரி ஆளை மட்டும் நினைக்காதீர்கள். அந்த ரோட்டில் எல்லோரையும்விட மெதுவாக நடக்கிறவர் யார் என்று பாருங்கள். அவருக்குப் போதுமான நொடி, அவர் ஏறக்கூடிய உயரம், அவர் நடக்கக்கூடிய அகலம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்ற எல்லோருக்கும் அது சரியாகவே இருக்கும். கணக்கெடுக்கும் பேப்பரில் நடப்பவருக்கு ஒரு கட்டம் இல்லையென்றால், ஸ்கேலை வைத்து நாமே ஒரு கட்டம் போடுவோம். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை!

எண்ணுவோம்! அளப்போம்! அதன் பிறகு ரோடு போடுவோம்!