கைமாறி வாழும் பக்குவம்: லூசியானாவின் வீட்டுச் சமையல் நூல்கள்

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் லூசியானா மாநிலத்தில், வீட்டுச் சமையலை நூலாக எழுதிவைக்கும் வழக்கம் ஏறத்தாழ 140 ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. அந்த நூல்களை அச்சான வரிசையில் எடுத்துவைத்து, சமைத்தவர் யார், எழுதியவர் யார், அட்டையில் இடம்பெற்ற பெயர் யாருடையது என்று கேட்டுக்கொண்டே படிப்பவருக்கு, அரசாங்க ஆவணங்களில் அகப்படாத ஒரு சமூக வரலாறு அடுப்படி வழியாகத் தெரியவரும். கிரியோல், கேஜன் என்ற இருவகைச் சமையலையும் போற்றும் இந்நூல்கள் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு: ஒரு வீட்டின் பக்குவம் அந்த வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கப்படும்போது அழிகிறது, பிறர் கைக்குப் போகும்போது நிலைக்கிறது.

முதலில் அவ்விரு சொற்களையும் விளக்கிக்கொள்வது நல்லது. ஐரோப்பியரின் குடியேற்ற நாட்டிலேயே பிறந்தவர் என்பதே கிரியோல் என்ற சொல்லின் பழைய பொருள். பிரெஞ்சுக்காரர் 1718 இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவினர். பின்னர் ஸ்பெயின் அதை ஆண்டது. 1803 இல் அமெரிக்கா லூசியானாவை விலைக்கு வாங்கியது. இத்தனை மாற்றங்களுக்கிடையே அந்நகரில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழியினரின் கலப்புச் சமையலே கிரியோல் சமையல் எனப்பட்டது. புதுச்சேரியின் வரலாறு அறிந்தவர்க்கு இச்சொல் புதிதன்று. 1719 இல் ஒன்றிணைக்கப்பட்ட பிரெஞ்சு இந்தியக் கம்பெனியே 1731 வரை புதுச்சேரி, லூசியானா ஆகிய இரண்டையும் நிர்வகித்தது.

கேஜன் மக்களின் கதை வேறு. கனடாவின் கிழக்குக் கரையில், இன்று நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதியில், அகாடி என்ற நிலத்தில் உழுது வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை 1755 முதல் ஆங்கிலேயர் நாடு கடத்தினர். குடும்பங்கள் பிரிந்து பல திசைகளில் சிதறின. அவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானா வந்து சேர்ந்தனர். 1785 இல் பிரான்சிலிருந்து 7 கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்தனர். அகாடியர் என்பதே பேச்சுவழக்கில் தேய்ந்து கேஜன் ஆயிற்று. பாயூ எனப்படும் மெல்லோட்ட நீரோடைகளின் கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறிய இவர்களது சமையல், ஆற்றிலும் காட்டிலும் தோட்டத்திலும் அன்றன்று கிடைத்ததை ஒரே சட்டியில் சமைத்துப் பெருங்குடும்பத்திற்குப் பரிமாறும் சமையலாக வளர்ந்தது. நகரத்துக் கிரியோல் சமையலில் வெண்ணெயும் தக்காளியும் மிகுதி. நாட்டுப்புறக் கேஜன் சமையலில் பன்றிக் கொழுப்பும் கருக வறுத்த மாவும் மிகுதி. ஆயினும் இது கறாரான எல்லைக்கோடன்று. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டது ஏராளம்.

இருவருக்கும் பொதுவான உணவு கம்போ. சோற்றின் மீது ஊற்றி உண்ணும் கெட்டிக் குழம்பு என்று அதைச் சொல்லலாம். குழம்பைக் கெட்டியாக்கும் மூன்று வழிகளும் மூன்று மக்களிடமிருந்து வந்தவை. முதலாவது, ஆப்பிரிக்கர் வழி வந்த வெண்டைக்காய். பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் கி ங்கோம்போ என்ற சொல்லிலிருந்தே உணவின் பெயர் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இரண்டாவது, சாக்டா பழங்குடியினர் சாசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்தி இடித்த ஃபிலே என்னும் பொடி. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே அதைத் தூவ வேண்டும், கொதிக்கவிட்டால் குழம்பு நூல் விடும். மூன்றாவது, கொழுப்பில் மாவை வறுக்கும் பிரெஞ்சு முறையாகிய ரூ. கம்போவுக்கு அடியில் கிடக்கும் சோற்றிலும் ஆப்பிரிக்கரின் பங்கு உண்டு; 1719 அளவில் வந்த அடிமைக் கப்பல்களில் நெல்விதையோடு, நெல் பயிரிடத் தெரிந்தவர்களும் கொண்டுவரப்பட்டனர்.

இத்தகைய சமையல் முதன்முதலாக நூலுருப் பெற்றது 1885 இல். நியூ ஆர்லியன்சில் நடந்த உலகப் பருத்திக் கண்காட்சியையொட்டி அவ்வாண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, கிறிஸ்டியன் உமன்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற மகளிர் அமைப்பு தொகுத்த கிரியோல் சமையல் நூல்; மற்றொன்று, பிற்காலத்தில் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டுக் கதைகளை உலகறியச் செய்த லஃப்காடியோ ஹெர்ன், அந்நகரில் பத்திரிகையாளராக இருந்தபோது தம் பெயரிடாமல் வெளியிட்ட தொகுப்பு. 1900 இல் டெய்லி பிகயூன் என்ற செய்தித்தாள் தன் பெயரிலேயே ஒரு பெரிய கிரியோல் சமையல் நூலை வெளியிட்டது. பழைய கறுப்பினச் சமையற்காரப் பெண்கள் ஒவ்வொருவராக மறைந்து வருவதால் அவர்களது கலை அவர்களோடு போய்விடக் கூடாது என்பதே அந்நூலின் முன்னுரை கூறிய நோக்கம். நோக்கம் நல்லது, நூலும் இன்றுவரை பயன்படுகிறது. ஆனால் அட்டையில் நின்றது செய்தித்தாளின் பெயர். அந்தப் பக்குவத்தைப் பல தலைமுறைகளாகக் காத்த பெண்கள், பெயரில்லாத ஒரு கூட்டமாகவே முன்னுரையில் தங்கிவிட்டனர். இந்தக் குறையைச் சிறிதென்று ஒதுக்க முடியாது. ஒருவரது கைத்திறனை வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிடுவது, உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியை மறுப்பதற்கு ஒப்பானது.

அக்குறையைத் தாமே முன்வந்து தீர்க்கத் தொடங்கியவர் லீனா ரிச்சர்ட். 1892 இல் லூசியானாவின் நியூ ரோட்ஸ் என்ற ஊரில் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், சிறுவயதிலேயே நியூ ஆர்லியன்சில் ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பாஸ்டன் நகரிலிருந்த புகழ்பெற்ற சமையற்பள்ளியில் பயின்று திரும்பி, உணவகங்கள் நடத்தினார். தம் இனத்து இளைஞர்கள் சமையல் தொழிலில் தகுந்த ஊதியம் பெற வேண்டும் என்று 1937 இல் சொந்தமாகச் சமையற்பள்ளி தொடங்கினார். 1939 இல் 300க்கும் மேற்பட்ட செய்முறைகளைத் தம் பெயராலேயே நூலாக்கித் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஹாட்டன் மிஃப்ளின் என்ற பெரிய பதிப்பகம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. பேருந்திலும் உணவகத்திலும் நிறவெறி சட்டமாக இருந்த காலத்தில், 1949 இல் நியூ ஆர்லியன்ஸ் தொலைக்காட்சியில் அவர் சமைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு மறைந்தார். நத்தேனியல் பர்ட்டன் என்ற சமையற்கலைஞரும், குடிமை உரிமைப் போராளி ரூடி லொம்பார்டும் 1978 இல் வெளியிட்ட கிரியோல் ஃபீஸ்ட் என்ற நூல், நியூ ஆர்லியன்ஸ் உணவகங்களின் உள்ளறைகளில் உழைத்த 15 தலைமைச் சமையற்கலைஞர்களைப் பெயர் சொல்லி முன்னிறுத்தியது. 1900 இல் நின்றுபோன கணக்கு அந்நூலில்தான் ஓரளவு நேரானது.

வீட்டுச் சமையலை வீட்டுப் பெண்களே கூடித் தொகுக்கும் மரபு இதற்கு இணையாக வளர்ந்தது. தலைநகர் பேட்டன் ரூஜில் ஜூனியர் லீக் என்ற மகளிர் தொண்டமைப்பு 1959 இல் ரிவர் ரோட் ரெசிபீஸ் என்ற நூலை வெளியிட்டது. சமையல் மேடையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாதபடி, சீப்புப் பல் போன்ற பிளாஸ்டிக் வளையங்களால் கட்டப்பட்ட அந்த எளிய நூல் 10 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்று, கிடைத்த வருவாய் ஊர்ப் பணிகளுக்குச் சென்றது. லஃபயெட் நகரத்து ஜூனியர் லீக் 1967 இல் தன் நூலை வெளியிட்டது. பல தேவாலயங்களும் பள்ளிகளும் இவ்வாறே நிதி திரட்டின. இந்நூல்களில் ஒவ்வொரு செய்முறையின் அடியிலும் அதைத் தந்தவர் பெயர் இருக்கும். அக்கால வழக்கப்படி அது பெரும்பாலும் திருமதி என்ற அடையோடு கணவர் பெயராகவே இருந்தாலும், பக்குவம் ஒரு குறிப்பிட்ட வீட்டிலிருந்து வந்தது என்ற ஒப்புதல் அதில் உண்டு.

இத்தகைய நூல்கள் பலவற்றில் லான்யாப் என்ற தலைப்பில் ஒரு பகுதி காணப்படும். கடைக்காரர் வாங்கிய பொருளுக்கு மேல் விலையில்லாமல் சேர்த்துத் தருவதை லூசியானாவில் அவ்வாறு சொல்வர். தமிழர் கொசுறு என்பதும் அதுவே. தென்னமெரிக்கப் பழங்குடி மொழியாகிய கெச்சுவாவில் தோன்றி, ஸ்பானியரின் வாய்வழியாக லூசியானா வந்து, பிரெஞ்சு எழுத்தில் நிலைத்த சொல் அது. ஆனால் 1921 இல் இயற்றப்பட்ட லூசியானா அரசியலமைப்பு, பள்ளிகளில் அந்தப் பிரெஞ்சு மொழிக்கே இடமில்லாமல் செய்தது. தாய்மொழியில் பேசிய கேஜன் பிள்ளைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டனர். அவ்வாறு வளர்ந்த தலைமுறை தன் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசியது. இருப்பினும் எட்டுஃபே, பூடான், மாக் ஷூ போன்ற உணவுப் பெயர்கள் சமையல் நூல்களின் பக்கங்களில் தங்கின. பேச்சில் அருகிய மொழிக்கு அடுப்படி புகலிடம் தந்தது.

கையறிந்த ஒன்றை எழுத்தில் கொண்டுவருவது எளிதன்று. ரூ செய்யும் முறையே அதற்குச் சான்று. கனத்த வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெயும் மைதா மாவும் சம அளவில் இட்டு, மரக்கரண்டியால் அடி பிடிக்காமல், நிறுத்தாமல் கிளற வேண்டும். வெளுப்பாக இருக்கும் கலவை முதலில் வைக்கோல் நிறத்துக்கும், பிறகு வறுத்த நிலக்கடலை நிறத்துக்கும், பிறகு பழைய செப்புக்காசின் நிறத்துக்கும், இறுதியில் சாக்லேட் நிறத்துக்கும் வரும். மெல்லிய தீயில் இதற்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நிறம் ஏற ஏற மணம் கூடும், ஆனால் குழம்பைக் கெட்டியாக்கும் ஆற்றல் குறையும். ஒரு கரும்புள்ளி தோன்றினாலும் மாவு தீய்ந்துவிட்டது என்று பொருள். சட்டியைக் கழுவி மறுபடி தொடங்க வேண்டும். உரிய நிறம் வந்த நொடியில், பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்றையும் கொட்டினால் சூடு தணிந்து நிறம் அதே நிலையில் நின்றுவிடும். கத்தோலிக்க மரபினரான இம்மக்கள் அம்மூன்றையும் பரிசுத்த திரித்துவம் என்றே அழைக்கின்றனர். நிமிடக் கணக்கை நம்பாமல் நிலக்கடலையையும் செப்புக்காசையும் உவமையாகக் காட்டிய நூலாசிரியர்களே, பாட்டியின் பக்கத்தில் நின்று கற்க வாய்ப்பில்லாதவருக்கும் இக்கலையைக் கற்பித்தனர்.

ஒபலூசாஸ் ஊருக்கு அருகே 13 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த பால் ப்ருடோம், 1984 இல் வெளியிட்ட நூலால் இச்சமையலை அமெரிக்கா முழுவதும் பரப்பினார். 1990 இல் லியா சேஸ் தம் குடும்ப உணவகத்தின் பெயரால் வெளியிட்ட நூல் வேறொரு வகையில் முக்கியமானது; பெரிய வியாழனன்று பலவகைக் கீரைகளைச் சேர்த்துச் சமைக்கும் கீரைக் கம்போவின் மரபை, 2019 இல் மறையும்வரை, அந்த உணவக அடுப்பில் காத்தவர் அவர். மெலிசா மார்ட்டின் 2020 இல் வெளியிட்ட மஸ்கிட்டோ சப்பர் கிளப் என்ற நூல், சோவின் என்ற பாயூக்கரைச் சிற்றூரின் இறாலையும் நண்டையும் சொல்லும்போதே, அவ்வூரைச் சுற்றிய நிலம் கடலுக்குள் போவதையும் சொல்கிறது. 1930களிலிருந்து லூசியானா இழந்த கடலோர நிலம் 4,800 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

நீரால் வரும் அழிவைச் சமையல் நூல்கள் நேரிலும் கண்டன. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கி, கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு வெள்ளத்தில் மூழ்கியது. வீடுகளோடு சமையல் நூல்களும், பல்லாண்டுகளாகச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்துச் சேர்த்த குறிப்புகளும், கையெழுத்து ஏடுகளும் அழிந்தன. ஊர் திரும்பிய மக்கள், பிகயூன் இதழின் வழிவந்த டைம்ஸ் பிகயூன் செய்தித்தாளுக்கு எழுதி, இழந்த செய்முறைகளைத் தேடித் தருமாறு கேட்கத் தொடங்கினர். ஒருவர் கேட்டதை வேறொரு வாசகர் தம்மிடம் தப்பியிருந்த துண்டிலிருந்து எடுத்து அனுப்பினார். இவ்வாறு திரும்பக் கிடைத்தவற்றை ஜூடி வாக்கரும் மார்செல் பியன்வெனுவும் தொகுத்து, 2008 இல் குக்கிங் அப் எ ஸ்டார்ம் என்ற நூலாக வெளியிட்டனர். 1900 இல் ஒரு செய்தித்தாள் மக்களிடமிருந்து வாங்கிக்கொண்டது, நூறாண்டு கழித்து மக்களாலேயே மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது.

அந்த நகரில் பிழைத்த செய்முறைகள் எவை என்று பார்த்தால், கொசுறு போல மனமுவந்து பிறருக்குத் தரப்பட்டவையே என்பது விளங்கும். பரம்பரை ரகசியமென்று ஒரே அலமாரியில் காக்கப்பட்டவை அந்த அலமாரியோடு போயின. பிறந்த மண்ணைவிட்டுக் கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரிலேயே இருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் நன்றாகச் சமைப்பவர் இருக்கும்போதே, அவர் கைப்பிடி என்பதைக் கரண்டியாலும் படியாலும் அளந்து, அவர் சொல்லும் உவமைகளை அவர் சொன்னபடியே எழுதி, தாளின் அடியில் அவரது சொந்தப் பெயரை இட்டு, அதில் ஒரு படியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவைக்க வேண்டும்.