டீச்சர் வீட்டு வைஃபை

எங்கள் மேல்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். 2016இல் அவர் வீட்டு ரவுட்டரைப் பொருத்திக் கொடுத்தவன் நான். அன்று செய்த தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வைஃபைக்கு டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்புப் பூட்டு வைத்ததும் லேப்டாப்பும் செல்போனும் உடனே சேர்ந்துகொண்டன. டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எடுக்கும் பழைய பிரிண்டர் மட்டும் சேரவில்லை. அதற்குத் தெரிந்த பூட்டு 'வெப்' (WEP) என்ற பழைய முறை ஒன்றுதான். ஒரு மணி நேரம் போராடினேன். டீச்சர் காபியோடு வந்து, "உன்னால முடியாததா தம்பி?" என்றார். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. செட்டிங்ஸில் போய் வெப்புக்கு மாற்றினேன். பத்து எழுத்தில் சாவி கேட்டது. டீச்சரின் செல் நம்பரையே போட்டேன். பிரிண்டர் ஓடியது.

வெப் 1997இல் வந்த முறை. அதன் ஓட்டையை 2001இலேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் எழுதிக் காட்டிவிட்டார்கள். பிறகு வந்த கருவிகளால், தெருவில் நின்றபடி சில நிமிடங்களில் சாவியை எடுத்துவிடலாம். வங்கித் தளத்துக்குத் தனிப் பூட்டு உண்டு. ஆனால் உள்ளே நுழைந்தவன் டீச்சர் பெயரிலுள்ள இணைப்பில் எதையும் செய்யலாம்; பழி அவர்மேல் விழும். இவ்வளவும் தெரிந்தே செய்தேன்.

அதைவிடப் பெரிய தவறு 2021இல். டீச்சர் புது செல்போனைக் கொண்டுவந்து காட்டினார். வைஃபை பெயருக்குக் கீழே 'வீக் செக்யூரிட்டி' என்று இருந்தது. "இது என்னப்பா?"

"அது சும்மா வரும் டீச்சர், கண்டுக்காதீங்க" என்றேன்.

என்னை நம்பி அவர் மாடியேறிப் போனார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன். ரவுட்டரை ஏஇஎஸ் குறியாக்கம் உள்ள டபிள்யூபிஏ2வுக்கு மாற்றி, நீளமான புதுச் சாவி வைத்தேன். இருபது நிமிட வேலை. டீச்சர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் ரவுட்டரின் பாதுகாப்புப் பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள். வெப், அல்லது டிகேஐபி என்ற இன்னொரு பழைய முறை இருந்தால் மாற்றுங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை இருந்தால் பெரும்பாலான கருவிகள் அதில் சேரும். சேராத பழைய கருவிக்குக் கேபிள் போடுங்கள், இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். அதற்காக வீட்டுப் பூட்டைத் தளர்த்தாதீர்கள். அடுத்தவர் வீட்டில் இந்த வேலை செய்பவராக இருந்தால், முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.