மேஜை டிராயர்



தவக்காலத்தைப் பற்றி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்கலாம். நான் போதகர் இல்லை. வேதத்துக்கு விளக்கம் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. வலங்கைமானில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன். ஆனால் கோவிலில் சோதனை, பாவம் என்று பேசப்படுவதில் பாதி, என் கிளினிக் ஸ்டூலில் வந்துதான் உட்காருகிறது. அதில் ஒருவரின் கதையை, அவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் மாற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

சாம்பல் புதன் கழிந்த வெள்ளிக்கிழமை. ராத்திரி பதினொன்றரை. ஃபோன்.

"டாக்டர், அப்பாவுக்குப் பேய் புடிச்சிருக்கு. செவத்துல பூரான் ஊருதுங்கறாரு. வேட்டிய உதறிக்கிட்டே இருக்காரு. எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணியும் அடங்கல."

"கடைசியா எப்பம்மா குடிச்சாரு?"

"செவ்வாக்கெழமையோட விட்டுட்டாரு டாக்டர். தவக்காலம்ல."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. 108ஐக் கூப்பிடச் சொல்லி, கும்பகோணத்துக்கு அனுப்பினோம்.

இது பேய் இல்லை மக்களே. டெலிரியம் ட்ரெமன்ஸ். பல வருஷம் தினமும் குடிக்கிறவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்ட, எந்நேரமும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கப் பழகிவிடும். மதுதான் அதற்கு பிரேக். பிரேக்கை ஒரே நாளில் பிடுங்கினால் வண்டி என்ன ஆகும்? முதலில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பம், காய்ச்சல், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணில் தெரிவது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முறையாக மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலானோர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

அதனால் ஒன்று. தினமும் குடிக்கிற ஒருவர் தவக்காலத்துக்கோ, வேளாங்கண்ணி நடைப்பயணத்துக்கோ, மாலை போட்டோ நிறுத்தப்போகிறார் என்றால், நல்ல விஷயம். நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். டாக்டரைப் பார்த்தால் விசுவாசம் குறைந்துவிடாது.

அண்ணன் பிழைத்து வந்தார். இரண்டு வாரம் கழித்து கிளினிக்குக்கு வந்தார். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்கிய உடம்பு, பாதியாகியிருந்தது.

"இந்த வருசம் மட்டும் ஏன் டாக்டர் இப்புடி? பதினேழு வருசமா தவக்காலத்துல நிறுத்துறேன். ஆரம்பத்துல ரெண்டு நாள் கை நடுங்கும், அவ்வளவுதான்."

அதுவும் மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி திடீரென நிறுத்தினால், மூளை அடுத்த தடவை இன்னும் மோசமாகத் துள்ளக்கூடும். முதல் வருஷம் நடுக்கம், பத்தாவது வருஷம் வலிப்பு, பதினேழாவது வருஷம் பூரான்.

சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு அவர் கேட்டதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"நாப்பது நாளு இருக்கறதுக்கு ஆண்டவரு பலம் குடுக்குறாரு. ஈஸ்டர் பூசை முடிஞ்ச அன்னிக்கி அந்தப் பலம் எங்க டாக்டர் போவுது?"

என்னிடம் பதில் இல்லை. வைட்டமின் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்போது பங்குனி. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்க ஊர் மாரியம்மன் கோவிலில் பங்குனியில் பாடைக்காவடி. கடும் நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் பிணம் போலப் படுப்பார்கள். உறவுக்காரர்கள் தூக்கி வருவார்கள். கோவிலுக்கு வந்ததும் எழுந்திருப்பார்கள். தவக்காலமும் அநேகமாக இதே நாட்களில்தான் வரும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பாடை கட்டுவார்கள், இன்னொரு வீட்டில் சிலுவைப் பாதை சொல்வார்கள். சண்டையெல்லாம் கிடையாது, மோர்தான் கொடுப்போம்.

அன்று அண்ணனும் நானும் தெருவோரம் நின்று பார்த்தோம். "இவங்க ஒரு தடவ செத்து எழுந்திரிக்கறாங்க. நான் வருசா வருசம் எழுந்து எழுந்து சாவுறேன்" என்றார்.

நான் லுத்தரன் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் மனப்பாடம் பண்ணின சிறிய ஞானோபதேசம் ஞாபகம் வந்தது. 1529ல் லுத்தர் எழுதியது. தரங்கம்பாடியில் 1706ல் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், நமக்குள் இருக்கும் பழைய மனுஷன் தினமும் மூழ்கிச் சாகணும், புது மனுஷன் தினமும் எழுந்திருக்கணும் என்கிற கருத்து வரும். கவனியுங்கள், தினமும். வருஷத்துக்கு ஒருமுறை இல்லை.

அப்புறம்தான் நாற்பது நாளில் அவர் எப்படி இருந்தார் என்பதை உட்கார்ந்து விசாரித்தேன். ஆச்சரியமாக இருந்தது.

அந்த நாட்களில் அவர் வீட்டில் கறி இல்லை. சாயங்காலம் சிலுவைப் பாதைக்கு மகள் இழுத்துக்கொண்டு போவாள். கூட்டாளிகளே "அண்ணன் விரதத்துல இருக்காரு, கூப்புடாதீங்கடா" என்பார்களாம். சம்பா அறுவடை நேரம், கூலி கையில் புழங்கும். ஆனால் அந்தக் காசு உண்டியலுக்கென்று மனைவியிடம் போய்விடும். அதாவது வீடு, கோவில், கூட்டாளி, காசு எல்லாம் சேர்ந்து அவரைச் சுற்றி வேலி போட்டிருந்தன. நாற்பத்தோராவது நாள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேலியைப் பிரித்துவிட்டு, "இனி நீ பாத்துக்க" என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆண்டவர் பலத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் பலம் கொடுத்ததே அந்த ஆட்கள் வழியாகத்தான்.

எங்க ஊர் வெடிக்குப் பேர் போனது. பட்டாசுப் பட்டறைக்குள் போகிற ஆளிடம், "தீப்பெட்டி பையில இருக்கட்டும், மனசுல உறுதியா இரு, உரசாதே" என்று யாராவது சொல்வார்களா? தீப்பெட்டியே உள்ளே வரக்கூடாது. நாம் மட்டும் சோதனை விஷயத்தில் பையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு உறுதிக்காக ஜெபிக்கிறோம். போத்திபாரின் மனைவி இழுத்தபோது யோசேப்பு நின்று வாக்குவாதம் பண்ணவில்லை. அங்கியை விட்டுவிட்டு ஓடினார். ஓடுவதும் வீரம்தான்.

அண்ணனுக்கும் ஓடத்தான் கற்றுக்கொடுத்தோம். கூலி மகளின் ஜிபே நம்பருக்கு. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பாடு. (பசியோடு இருக்கும்போது ஆசை நாலு மடங்கு பேசும். இயேசுவிடம் சோதனைக்காரன் வந்ததே பசித்த நேரத்தில்தான், முதலில் பேசியதே அப்பத்தைப் பற்றித்தான்.) வீட்டுக்குத் திரும்ப ஆத்தங்கரை வழி. ஆசை அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும். அந்த நேரத்தில் வாய்விட்டு ஒரு வசனம் சொல்லச் சொன்னேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. நாலாம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, ஒவ்வொரு கெட்ட நினைப்புக்கும் எந்த வசனத்தால் திருப்பிப் பேசுவது என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நினைப்பு வருவது நம் கையில் இல்லை, அதற்குப் பாய் விரித்து உட்கார வைப்பது நம் கையில் இருக்கிறது என்பது அவர் கட்சி. கூடவே ஆசையைக் குறைக்கிற மாத்திரையும் மனநல மருத்துவர் எழுதினார்.

ஈஸ்டர் தாண்டியது. மே மாதமும் தாண்டியது.

ஜூன் முதல் ஆள் வரவில்லை. இரண்டு மாதம். ஃபோன் எடுக்கவில்லை. மகள்தான் சொன்னாள். ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு கிளாஸ். "சரி, எல்லாம் போச்சு, இனிமே என்ன" என்று அன்றே முழு பாட்டில். அதன் பிறகு கோவிலுக்கும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை.

இதை ஆலன் மார்லட் என்ற உளவியல் அறிஞர் 1980களிலேயே விளக்கியிருக்கிறார். ஆளைக் கவிழ்ப்பது முதல் கிளாஸை விட, அதற்குப் பின் வரும் "நான் அவ்வளவுதான்" என்கிற எண்ணம். விசுவாசிகளுக்கு இது இரண்டு மடங்கு. குடித்தது ஒரு பாவம், ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறியது இன்னொன்று. அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல் மறுபடி குடிப்பார்கள்.

யூதாசும் பேதுருவும் ஒரே ராத்திரியில்தான் விழுந்தார்கள். யூதாஸ் அறிக்கை செய்யவில்லை என்று நினைக்கிறோம். செய்தான். ஆனால் போய்ச் சொன்னது, அவன் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று கைகழுவிய ஆசாரியர்களிடம். பேதுரு வெளியே போய் அழுதார், பிறகு மற்ற சீஷர்களோடுதான் இருந்தார். அவமானத்தோடு அந்தக் கூட்டத்துக்குள் திரும்பிப் போக எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

ஆகஸ்டில் ஒருநாள் கடைசி பேஷன்டாக அண்ணன் வந்தார். நான் பேதுரு கதையைச் சொன்னேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க, தினமும் பேச நம்பிக்கையான ஒரு ஆளும் வேணும் என்றேன். மைக்கில் சாட்சி சொல்வது வேறு; எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஜெயித்த கதை மட்டும்தான் அங்கே வரும். 1935ல் அமெரிக்காவில் ஏஏ தொடங்கியதே குடிகாரரான பங்குத் தரகரும் குடிகாரரான ஒரு சர்ஜனும் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசியதில்தான் என்றும் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன்.

அவர் கேட்டார். "டாக்டர், ஒங்களுக்கு ஒரு சோதனைன்னா யாருகிட்ட சொல்லுவீங்க?"

என் மேஜை டிராயரில் அப்போது ஒரு கவர் இருந்தது.

ஸ்கேன் சென்டர் ஒன்றிலிருந்து மாதாமாதம் வரும் கவர். நான் அனுப்பும் பேஷன்ட்டுகளுக்கான கமிஷன். மூன்று வருஷமாக வாங்கினேன். 2002ல் வந்த மருத்துவக் கவுன்சில் நெறிமுறை இதைத் தெளிவாகத் தடை செய்கிறது. தெரியும். கேட்காமலே தருகிறார்கள், எல்லாரும் வாங்குகிறார்கள், கிளினிக் லோன் இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீல். இதைவிடக் கேவலம், அதில் தசமபாகம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில் போட்டேன். அந்தக் கவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மூட்டை தூக்கும் ஆட்களின் பில்லில் இருந்து. இந்த அண்ணனுக்கு வயிற்று ஸ்கேன் எழுதியதும் நான்தான். அது தேவையான ஸ்கேன்தான். ஆனாலும் அதற்கான பங்கு அந்தக் கவரில் இருந்தது.

டிராயரைத் திறந்து காட்டிவிட்டேன். ஏன் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கவரையே பார்த்தார். "வூட்டுல அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அங்க சொல்லுங்க டாக்டர்."

சொன்னேன். அந்த ராத்திரி வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. மறுநாள் சென்டருக்கு ஃபோன் பண்ணி, என் பங்கை பேஷன்ட் பில்லில் கழித்துவிடச் சொன்னேன். சிரித்தார்கள். கவர் எது வந்தாலும் வாங்கக்கூடாது என்று சிஸ்டரிடம் சொல்லிவைத்தேன். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸுக்குள் ஒன்று வந்தது. திருப்பி அனுப்ப எனக்கு நாலு நாள் ஆனது. நாலு நாள்!

அண்ணன் வியாழக்கிழமை தோறும் வருகிறார். நடுவில் மறுபடி ஒருமுறை குடித்தார். இந்தத் தடவை மறுநாள் காலையிலேயே வந்து சொன்னார். பி.பி. பார்ப்பேன், எடை பார்ப்பேன், எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பேன். சொல்வார். பிறகு அவர் முறை.

"டிராயரத் தொறங்க டாக்டர்."

திறப்பேன். போன வாரம் ஒரு பழைய ஸ்டெத், ரெண்டு பேனா, பேத்திக்கென்று அவர் எப்போதும் எடுத்துக்கொண்டு போகும் ஆரஞ்சு மிட்டாய்.

"ம்" என்றார். ரெண்டு மிட்டாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.