கடல் முள்ளெலியின் காவற்படை

வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில், அலைகள் ஓயாது மோதும் பாறை இடுக்குகளில், ஊதா நிறமுடைய உயிர் ஒன்று வாழ்கின்றது. அதற்குத் தலை இல்லை, கண் இல்லை, மூளையும் இல்லை. உடலெங்கும் முட்களே நிறைந்திருத்தலின் அதனைக் கடல் முள்ளெலி என்பர். கடற்பாசியைக் கறித்துண்டு, குழாய் போன்ற கால்களால் மெல்ல ஊர்ந்து வாழும் அதனை எளிய உயிரென்று எண்ணுவோர் பலர். புறத்தே உள்ள முட்களைக் கண்டு அஞ்சும் அவர்கள், அகத்தே அது தாங்கியுள்ள படைக்கலங்களை அறியார்.

கடல்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 இலட்சம் பாக்டீரியாக்கள் உள்ளன. பாறையில் மோதி ஒரு முள் ஒடியுமாயின், அவ்வழியே அவை உட்புகும். இத்தகைய பகையை வெல்ல மனிதன் உடல் எதிர்ப்பொருள்களை ஆக்கிக் கொள்கின்றது. பகையின் உருவை நினைவிலும் வைக்கின்றது. ஒருமுறை தட்டம்மை கண்டவர்க்கு அது பெரும்பாலும் மீண்டும் வாராமை இதனாலன்றோ? முள்ளெலிக்கோ அவ்வகை எதிர்ப்பொருள் இல்லை. எனினும் அதன் உறவினமான செம்முள்ளெலி 100 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்கின்றது. இது வியப்பிற்குரியதேயாம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டதும் ஒரு முள்ளே. 1882ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மெசினா நகரில் தங்கியிருந்தார் இலியா மெச்னிகாவ் என்னும் அறிஞர். வீட்டார் அனைவரும் சர்க்கஸ் காணச் சென்றிருந்த ஒரு நாளில், முள்ளெலிக்கு உறவான நட்சத்திர மீனின் இளவுயிர்களில் ரோசா முட்களைச் செருகி வைத்தார். கண்ணாடி போன்ற அவ்வுடல்களை மறுநாட் காலையில் நுண்ணோக்கி வழியே நோக்கினார். ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன! பகையை விழுங்கி அழிக்கும் இவ்வணுக்களை விழுங்கணுக்கள் எனலாம். இவ்வுண்மையை நாட்டிய அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிட்டியது.

முள்ளெலியின் உடற்குழி நீரிலும் விழுங்கணுக்கள் உலவுகின்றன. அவற்றோடு செந்நிற அணுக்களும் உண்டு. காயம்பட்ட இடத்தில் இவை வந்து குழுமும். ஆயினும், அணுக்கள் பகையை இன்னதென்று அறிவது எங்ஙனம்? 2006இல் ஓர் ஆண் முள்ளெலியின் மரபுத்தொகுதி முழுவதையும் அறிஞர் படித்து வெளியிட்டனர். நுண்ணுயிரை இனங்காணும் 'டோல்' வகை மரபணுக்கள் மனிதனிடத்தில் 10 உள்ளன. முள்ளெலியிடத்திலோ 222 காணப்பட்டன. மூளையற்ற உயிர் என்று இனி அதனை இகழ்வார் யாவர்?

அதனினும் நுட்பமானது பிறிதொன்று. வாசிங்டன் நகரத்து ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் கோர்ட்னி ஸ்மித் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், பாக்டீரியா புகுந்தவுடன் விரைந்து எழுச்சி பெறும் மரபணுக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தனர். 'உருமாற்றி' எனப் பொருள்படும் பெயர் அதற்குப் பின்னர் இடப்பட்டது. இம்மரபணுக்கள் ஏறத்தாழ 25 கூறுகளால் ஆனவை. சில கூறுகள் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் விடுபடும். 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் பிறத்தலைக் கற்ற மாணவர்க்கு, சிலவற்றின் கூட்டம் பலவாதல் விளங்குதற்கு அரிதன்று. எழுத்தின் கூட்டத்திற்கு விதி உண்டு. இங்கே வருதலும் விடுதலும் பலபடியாக அமைகின்றன.

2014இல் விழுங்கணுக்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தபோது, ஓர் அணு இக்குடும்பத்தின் ஒரே ஒரு வடிவத்தையே வெளிப்படுத்துவது புலனாயிற்று. வாள் ஏந்தியவன் வில்லை ஏந்தவில்லை. வில் ஏந்தியவன் வேலை ஏந்தவில்லை. ஆனால், படையை ஒருங்கே நோக்கின் எல்லாப் படைக்கலமும் அதன்கண் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட இக்குடும்பப் புரதம் ஒன்று, கடலில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியா ஒன்றை இறுகப் பற்றியது. பேசில்லசு வகையை அது பற்றவில்லை. மேலும், ஒரு முள்ளெலி காட்டிய புரத வரிசை மற்றொன்றினதை ஒத்திருக்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த படையாயின், ஒரு சூழ்ச்சி கற்ற பகைவன் அனைத்தையும் வீழ்த்திவிடுவான் அல்லவா?

எனினும், இனந்தோறும் வெற்றியே கிட்டும் என்பதற்கில்லை. கரிபியன் கடலில் டயடீமா என்னும் நெடுமுள் இனம் ஒன்று உண்டு. 1983இல் பனாமா நாட்டருகே தோன்றிய கொள்ளைநோய் அக்கடல் முழுதும் பரவி, 100க்கு 90க்கு மேற்பட்டவற்றை மாய்த்தது. பாசியை மேய்வன இல்லாமற் போகவே, பவளப் பாறைகள் பலவற்றைப் பாசி போர்த்தது. எஞ்சியவை மெல்லப் பெருகிவரும் நிலையில், 2022இல் மீண்டும் ஒரு நோய் வந்துற்றது. இம்முறை வந்த பகை பாக்டீரியா அன்று. நுண்மயிர்களால் நீந்தும் ஓரணுவுயிர் என்பதை 2023இல் அறிஞர் கண்டறிந்தனர்.